முன்வண்டி, பின்வண்டி

காலையில் தூக்குவாளியோடு வந்து நிற்கிற பொம்பளைகளிடம், முகம் கழுவின ஈரம் காய்வதற்குள் சாவைப் பற்றிப் பேசுகிற ஒருவரை நான் மதினியைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

"நீ முன்வண்டில ஏறு. ஒன் ஓரகத்தி பின்வண்டில வரட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா உருண்டுட்டீகன்னா ஒங்க மாமியாளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்பார். குரலில் கோபமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. கத்தரிக்காய் இன்றைக்கு என்ன விலை என்று விசாரிப்பது போலத்தான் கேட்பார்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பக்கம். கிழக்கு வெளுக்கிற நேரத்தில், ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் இரண்டு ஜீப் வந்து நிற்கும். அதில் ஏறி, கம்பத்தைத் தாண்டி, கம்பம்மெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து மேலே போவோம். கேரளாப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் களை எடுப்பது, காய் எடுப்பது என்று பகல் முழுக்கக் குனிந்து கிடந்துவிட்டு, சாயங்காலம் அதே பாதையில் இறங்கி வருவோம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் ஒன்று சொல்லும், எங்கள் டிரைவர் வேறொன்று சொல்வார். மடியில் ஒருத்தி, தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டுதான் போவோம். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது.

மற்ற ஊர்க்காரிகள் அக்கா தங்கச்சி, மாமியார் மருமகள் என்று ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் மட்டும் ஒரு வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே வண்டியில் ஏறுவதில்லை. அந்த வழக்கத்தை உண்டாக்கியவர் மதினிதான். யாரும் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஒரு நாள் இறங்கு என்றார், ஒருத்தி இறங்கினாள், அப்படியே பழகிவிட்டது.

அவர் யாருக்கு மதினி என்று யாருக்கும் தெரியாது. சின்னவள், பெரியவள், டிரைவர், மேலே தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கங்காணி, எல்லோருக்கும் அவர் மதினிதான். ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேலே புருசனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஜீப்பின் பின்கதவு ஓரத்தில்தான் உட்காருவார். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை பக்கத்தில் இருப்பவளின் சேலையைப் பிடித்திருக்கும். தெரிந்து பிடிப்பாரா, தெரியாமல் பிடிப்பாரா என்று நாங்கள் கேட்டதில்லை.

நானும் அக்காவும் முதன்முதலாக மலைவேலைக்கு வந்த அன்று, ஒன்றாக ஏறினோம். சேலைக்கு மேல் போட்டிருந்த என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"எறங்கு" என்றார் மதினி.

"ஏன்?"

"ரெண்டு பேரும் ஒரு வீடுதான?"

"ஆமா."

"வீட்டுல யாரு இருக்கா?"

என் மகள் இருந்தாள். அப்போது ரெண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவர், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அக்காவுக்குப் புருசன் செத்து வெகுநாள், பிள்ளை கிடையாது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆக, என் மகளுக்கு இந்த உலகத்தில் இருந்தது நானும் அக்காவும்தான். இதை நான் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை, ஊருக்கே தெரியும். மதினிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

"மக இருக்கா" என்றேன்.

"அப்ப எறங்கு."

இறங்கினேன். பின்வண்டியில் அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். வாயில் நல்ல வார்த்தையே வராதா இந்தப் பொம்பளைக்கு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் முதல் வளைவில் வண்டி திரும்பியபோது, முன்னால் போகிற ஜீப்பின் சிவப்பு விளக்கு தெரிகிறதா என்று என் கண் தானாகத் தேடியது. அன்றைக்குத் தொற்றிக்கொண்ட வியாதி அது.

மதினிக்கு எங்கே போனாலும் அதே புத்திதான். மத்தியானம் சோறு தின்ன உட்கார்ந்தால், முதலில் அண்ணாந்து பார்ப்பார். பட்ட கிளை இருந்தால், "இது விழுந்தா எங்கன விழும்?" என்று கையை நீட்டி அளப்பார். அந்த இடத்தைத் தவிர்த்து எங்களை ஈரத்தில் உட்காரவைப்பார். வீட்டுச் சாவியை இரண்டு வீட்டில் கொடுத்துவைத்திருப்பார், அந்த இரண்டு வீடும் ஒரே தெருவில் இருக்காது. வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனபோதுகூட, புருசனையும் மகனையும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மருமகளோடும் பேரனோடும் அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறார். "ஏன்டி, சாமி கும்பிடப் போறமா, இல்ல போலீசுக்குப் பயந்து ஓடுறமா?" என்று அவர் புருசன் பஸ் ஸ்டாண்டிலேயே கத்தியதாக ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

தோட்டத்து முதலாளியின் சம்சாரம் நல்ல மனுஷி. ஒரு தடவை மழைக் காற்றில் மரங்கள் ஆடுவதைப் பார்த்து மதினி வேலையை நிறுத்திவிட்டு நின்றபோது, "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று பயப்படாதே எனச் சொல்லித் தோளில் தட்டினார். மதினி நகரவே இல்லை.

"பேடிச்சுத்தான் சேச்சி இத்தன நாளும் உசுரோட இருக்கேன்" என்றார்.

சேச்சி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒவ்வொருத்தியாக அந்த மரத்தடியை விட்டுத் தள்ளி வந்துவிட்டோம். பயம் எங்கள் எல்லோரிடமும் இருந்தது. நாங்கள் அதை மாராப்புக்குள் மறைத்து வைத்திருந்தோம், மதினி எடுத்து வெளியில் வைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம். மனுசர்களுக்குப் பயத்தைவிட, பயத்தை வாய்விட்டுச் சொல்கிறவர்களைத்தான் பிடிப்பதில்லை.

எனக்கும் பிடிக்காமல்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், மதினி எங்கள் தெரு வழியாகப் போனவர் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏத்தா, ஒங்கம்மா சாயங்காலம் வரலைன்னா நீ யாரு வீட்டுக்குப் போவ?"

பிள்ளை முழித்தது.

"சொல்லு. இருட்டிருச்சு, அம்மா வரல. என்ன செய்வ?"

என் மகள் ஓவென்று அழுதுகொண்டு உள்ளே ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலுக்குப் போய், "உங்களுக்கு அறிவு இருக்கா? பச்சப் புள்ளகிட்டக் கேக்குற கேள்வியா இது? உங்க வாயில நல்லதே வராதா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

மதினி நான் கத்தி முடிக்கும்வரை நின்றார். பிறகு, "இப்ப அழுதுச்சுல்ல? யோசிச்சு வச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரிச் சோறு தின்னும்போது என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ வரலைன்னா பெரியம்மாகிட்டப் போவேன்மா" என்றாள். பெரியம்மா என்றால் என் அக்கா. அக்கா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்றைக்கப்புறம் அக்கா தப்பித் தவறிக்கூட என்னோடு ஒரே வண்டியில் ஏற நினைத்ததில்லை.

ஒரு வருசம் ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. அன்று மலையில் மேகம் இறங்கி, டிரைவருக்கு வண்டியின் மூக்கே தெரியவில்லை. அக்கா முன்வண்டியில். நானும் மதினியும் பின்வண்டியில். முன்வண்டியின் சிவப்பு விளக்கு அடிவாரத்திலேயே மறைந்துவிட்டது. டிரைவர் அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டே ஊர்ந்தார். என் சேலையின் ஓரம் மதினியின் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

மேலே போய்த் தோட்டத்து கேட்டில் இறங்கினோம். முன்வண்டி அங்கே இல்லை.

கொஞ்ச நேரம் யாருக்கும் அது உறைக்கவில்லை. ஒருத்தி துண்டை உதறிக் கட்டினாள். இன்னொருத்தி வெற்றிலை மடித்தாள். பிறகு டிரைவர் அண்ணன்தான் மெதுவாக, "நமக்கு முன்னால போனவக இன்னும் வரலையா?" என்றார். எங்களுக்கு முன்னால் கிளம்பிய வண்டி. அதை நாங்கள் வழியில் எங்கும் தாண்டவில்லை. தாண்டாமல் நாங்கள் முதலில் வந்து சேர்ந்தால் அது எங்கே போயிற்று? பாதை ஒன்றுதான். பாதைக்கு ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் என்ன என்று நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தேன். டிரைவர் அண்ணன் போன் போட்டுப் பார்த்தார். மலையில் மழை என்றால் போன் எடுக்காது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே தேடப் போனார். பொம்பளைகள் அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி சாமிக்கு வேண்டிக்கொண்டாள்.

மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழாதே என்று சொல்லவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்றும் சொல்லவில்லை. தன் தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றை ஒரு கை அள்ளி என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"தின்னு."

நான் கையைத் தட்டிவிட்டேன். சோறு தரையில் சிதறியது.

"இப்பவே தின்னுரு. பெறகு எறங்காது" என்று இன்னொரு கை அள்ளினார். "நீ இருக்க. ஒம்மகளுக்கு நீ இருக்க. தின்னு."

அந்த நிமிசம் அவரைக் கொன்றுபோட்டிருப்பேன். அக்கா போய்விட்டாள் என்று இந்தப் பொம்பளை கணக்கு முடித்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. ஆனால் வாய் திறந்தது. தின்றேன். மதினியும் ஒரு வாய் தின்றார். எனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய் என்று அந்த வாளியைக் காலி செய்தோம். புளிப்பும் கண்ணீர் உப்பும் கலந்து தொண்டையில் இறங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

வெகு நேரம் கழித்துக் கீழிருந்து ஹாரன் கேட்டது. ஒரு ஹாரன், அப்புறம் இன்னொரு ஹாரன். இரண்டு வண்டியும் வந்தன. முன்வண்டியில் கிளட்ச் கருகுகிற வாடை வந்ததாம். அந்த டிரைவர் பயந்துபோய், பாதையோரமிருந்த ஒரு தோட்டத்து வழிக்குள் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டிருக்கிறார். மேகத்தில் நாங்கள் அவர்களைப் பார்க்காமலே தாண்டி வந்திருக்கிறோம். அக்கா இறங்கி வந்தாள். நான் ஓடிப்போய் அவள் முதுகில் ரெண்டு அடி அடித்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டேன்.

அக்காவுக்குப் பின்னால் மதினியின் மருமகள் இறங்கினாள். அவளும் அந்த வண்டியில்தான் போயிருக்கிறாள். தினமும் அதில்தான் போவாள், எனக்கும் தெரிந்த விசயம்தான். ஆனால் அந்த நேரம் முழுக்க எனக்கு அது நினைவே வரவில்லை. மதினியும் அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். மதினி வண்டிக்குப் பின்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் எனக்கு அவர்மேல் பாசம் வந்தது. பயமும் கூடவே இருந்தது, அது போகவில்லை.

ஊரில் எல்லோரும் ஒரு கதை நம்பிக்கொண்டிருந்தோம். மதினி முந்தி ஏதோ ஒரு விபத்தில் ஒரே நாளில் ரெண்டு மூன்று பேரைப் பறிகொடுத்திருக்க வேண்டும், அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று. ஒரு நாள் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மதினி, உங்க வீட்டுல யாரும் அப்படி…?"

"எப்படி?"

"வண்டில போயி…"

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் சாகல. எங்கப்பன் ஆத்தா வயசாகிச் செத்தாக. மத்த அம்புட்டுப் பேரும் கல்லு மாதிரி இருக்காக."

"பெறகு ஏன் இவ்வளவு பயம்?"

"இருக்காகல்ல. அதான்" என்றார்.

பறிகொடுத்தவர்களுக்குத்தான் பயப்படத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டுத்தான் எதுவும் புரியும் என்று ஒரு நம்பிக்கை. மதினி எதுவும் படவில்லை. கையில் இருப்பது கையில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு நாளும் மறக்காமல் இருந்தார். அப்படி மறக்காமல் வாழ்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருடைய புருசனைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

என் மகள் வளர்ந்தாள். லேப் டெக்னீசியன் படிப்பு முடித்தாள். தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலையும் கிடைத்தது. வேலையில் சேர்ந்த வாரம் ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை, மலையிலிருந்து இறங்கி நின்ற மதினி பார்த்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஏத்தா, இப்பச் சொல்லு. ஒங்கம்மா வரலைன்னா என்ன செய்வ?"

என் மகள் சிரித்தாள். சின்ன வயசில் அழுதது அவளுக்கும் நினைவிருந்தது போல. "என்ன அத்த செய்ய? மறுநா வேலைக்குப் போவேன். வேற என்ன?" என்றாள்.

மதினி அவள் கன்னத்தைத் தடவி, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். அவர் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் வழக்கம்போலப் பின்வண்டியில் காலை வைத்தேன். மதினி தடுத்தார்.

"நீ முன்வண்டிக்குப் போ. ஒங்கக்கா கூட."

"என்ன மதினி?"

"அக்காளும் தங்கச்சியும் ஒரே வண்டில போங்க. போ."

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எத்தனையோ வருசமாக அக்காவோடு பேசிக்கொண்டே மலை ஏறியதில்லை. ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி முதல் வளைவு திரும்பியது. வழக்கமாகச் சிவப்பு விளக்கைத் தேடுகிற கண்ணுக்குத் தேட ஒன்றும் இல்லை, எதிரே வெறும் பாதைதான். அக்கா என் கையைப் பிடித்தாள், அவள் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வெயிலடித்தது, பாதை காய்ந்திருந்தது. ஆனால் என் வாழ்நாளில் அந்த மலையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

மேலே இறங்கியதும் நேராக மதினியிடம் போனேன். "இன்னிக்கு ஏன் ஒண்ணா ஏத்துனீக?"

மதினி சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். "ஒம்மகதான் தலையெடுத்துட்டால்ல. இனிமே ரெண்டு பேரும் போனாலும் அவ பொழச்சுக்கிருவா. நீங்க இனி எங்கன வேணாலும் உக்காரலாம்."

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். இத்தனை வருசம் சுமந்த சுமையை இறக்கி வைத்துவிட்டார், அவருடைய கணக்கில். நான் அன்று முழுக்க ஏலச்செடிக்கு அடியில் குனிந்துகொண்டு, இனி நாங்கள் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்பதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் தலையெடுக்க வேண்டும் என்றுதானே இந்த மலையில் ஏறி இறங்கினேன்? நினைத்தது நடந்தபோது ஏன் இப்படி நடுங்குகிறது என்று புரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் காபி குடிக்கும்போது பேச்சுவாக்கில் மகளிடம் சொன்னேன். சிரிப்புக் காட்டத்தான் சொன்னேன். "ஒங்கத்த இன்னிக்கு எங்களுக்கு விடுதல குடுத்துட்டாக. நானும் பெரியம்மாவும் ஒரே வண்டிலதான் போனோம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேருமா? ஒரே வண்டிலயா போனீக?"

"நீதான் வேலைக்குப் போயிட்டயே. பொழச்சுக்கிருவன்னு சொன்னாக."

"பொழச்சுக்கிருவேன்" என்றாள். "அதுக்காக?" ரெண்டாம் வகுப்பில் அழுத அதே வாய் கோணியது. "நாளைக்கு நீ பின்வண்டில ஏறும்மா. சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் அக்கா முன்வண்டியில் ஏறினாள். நான் பின்வண்டிக்குப் போனேன்.

"அதான் சொல்லிட்டேன்லத்தா" என்றார் மதினி.

"மக வேணாங்குறா மதினி. வேலை இருந்தா என்ன, அவளுக்கு ஒருத்தியாவது இருக்கணுமாம்."

மதினி என்னையே பார்த்தார். மரம் விழுந்தால் எங்கே விழும், மனுசி விழுந்தால் யார் பட்டினி கிடப்பார்கள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்து வைக்கிறவர் அவர்.

"அத நான் நெனைக்கலையே" என்றார் மெதுவாக. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

இப்போது மதினி மலைக்கு வருவதில்லை. முழங்கால் போய்விட்டது. மகனும் மருமகளும் கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரெண்டு நடையாகத்தான் சாமான் ஏற்றினார்கள், ரெண்டு நடையாகத்தான் ஆட்களும் போனார்கள். அவர் உட்கார்ந்த பின்கதவு ஓரத்தில் இப்போது நான் உட்காருகிறேன். ஒரு கை கம்பியில் இருக்கும். இன்னொரு கை யாருடைய சேலையையாவது பிடித்திருக்கிறது என்பதைப் பாதி மலை ஏறிய பிறகுதான் கவனிப்பேன். விடுவதில்லை. முன்வண்டியின் சிவப்பு விளக்கு அடுத்த வளைவில் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறேன்.